சேலைக்கு அடியில் காயும் துணி

ரத்தத்தைப் பார்த்துப் பயப்படுகிறவள் இல்லை கமலம்மா. இரண்டு பிள்ளை பெற்றவள். தறியில் ஓடும் நாடாக்கட்டை தெறித்துப் புருஷன் நெற்றி கிழிந்தபோது, மஞ்சளை அப்பி முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆட்டோவுக்குச் சத்தம் போட்டவள். அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு விடிகாலை புழக்கடைத் துவைகல்லில் ஒரு வெள்ளைத் துணியைப் பிழிந்தாள். சிவப்பாகத் தண்ணீர் இறங்கியது. அந்த ஈரக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அது அவள் துணி இல்லை. அவளுக்கு அதெல்லாம் நின்று பன்னிரண்டு வருஷமாகிறது. அது அவள் புருஷன் செங்கல்வராயனின் துணி.

எட்டு மாதத்துக்கு முன்னால் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆபரேஷன் ஆனது. மூத்திரப்பைக்குக் கீழே ப்ராஸ்டேட் என்று ஒரு சுரப்பி, அதில் கேன்சர். சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். நோய் போனது, கூடவே கட்டுப்பாடும் போனது. மூத்திரக் குழாயை எடுத்த நாளிலிருந்து தும்மினால் சொட்டும், குனிந்தால் சொட்டும், ஓடுகிற தறியை நிறுத்தக் கை நீட்டினால் போதும், அரை லோட்டா இறங்கிவிடும். போகப் போகச் சரியாகும், அதற்கென்று பயிற்சி இருக்கிறது, சொல்லித் தர ஆள் இருக்கிறது என்று டாக்டர் அனுப்பினார். போய்ப் பார்த்தால் பேத்தி வயசில் ஒரு பெண், பிரித்திகா என்று பேர். எந்த இடத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று அவள் படத்தை விரித்ததுமே, செங்கல்வராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தவர்தான். அப்புறம் அந்தத் திசையில் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை.

அவர்கள் வீடு ஆந்திர எல்லையோரம், நகரியில். முன்பக்கம் நாலு விசைத்தறி, பின்பக்கம் குடித்தனம். மகன் சுரேஷ்பாபுவுக்கு ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துபோவான். மருமகள் கலைவாணி, புத்தூர் வியாபாரி ஒருவருக்கு உள்பாவாடை தைத்துக் கொடுக்கிறாள். அந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷமாகியும் மாமனார் முகத்துக்கு நேராக அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் குடும்பத்தில் மருமகள்களுக்கு அதுதான் பழக்கம். கதவோரம் நின்று, "அத்தே, மாமாவ துன்ன வரச் சொல்லுங்க" என்பாள். அவர் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். கமலம்மா திரும்பி, "துன்ன வருவீங்களாம்" என்பாள். அவர் எழுந்து வருவார்.

மருந்துக் கடையில் இதற்கென்று ஜட்டி மாதிரி விற்கிறார்கள்தான். ஆனால் நகரியில் எந்தக் கடைக்குப் போனாலும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் மாமன், மச்சான் என்று ஏதாவது ஒரு முறைக்காரன். அதனால் கமலம்மா தறியில் ஓட்டின வெள்ளைக் காடாத்துணியை மடித்து மடித்து ஊசியால் தைத்துக் கொடுத்தாள். முதல் நாள் அதைக் கையில் வாங்கிய செங்கல்வராயன், "பொம்பளத் துணியா எனக்கு?" என்று கேட்டார். குரல் உடைந்துவிட்டது.

"நான் முப்பது வருசம் வெச்சிக்கினு உங்களுக்குக் களி கிளறிப் போட்டேன். செத்தா பூட்டேன்?" என்றாள் கமலம்மா.

அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் அன்றைக்கே ஒரு வார்த்தையும் சொன்னார். இது மூன்றாவது காதுக்குப் போனால் தன்னைத் தண்டவாளத்தில்தான் தேட வேண்டியிருக்கும் என்றார். வேறு ஆம்பளை சொன்னால் விட்டுத்தள்ளலாம். செங்கல்வராயன் சொன்னதைச் செய்கிற ஆள். அண்ணன் ஏகாம்பரத்தோடு பாகத் தகராறில் இனிப் பேச மாட்டேன் என்று ஒருநாள் சொன்னார். அண்ணன் சாகிறவரை பதினோரு வருஷம் பேசவே இல்லை. அதனால் மகனிடமும் மூச்சு விடவில்லை கமலம்மா. விடியுமுன்னே துவைத்து, கொடியில் போட்டு, பெண்கள் தங்கள் துணியைக் காயப்போடுகிற மாதிரியே மேலே ஒரு சேலையை விரித்து மூடிவிடுவாள்.

இப்போது அந்தத் துணியில் சிவப்பு.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், சிவப்பாகப் போனால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று. ஏகாம்பரத்துக்கும் இதே நோய்தான். அவருக்கும் சிவப்பில்தான் ஆரம்பித்தது, அதற்கப்புறம் மூன்றே மாதம். கமலம்மாவுக்கு அந்த மூன்று மாதமும் கண் முன்னால் வந்து நின்றது. இரண்டு வாளி தண்ணீரைக் கொட்டிக் கல்லைத் தேய்த்துக் கழுவினாள். உடனே போய் அவரை எழுப்பியிருக்க வேண்டும் இல்லையா? எழுப்பவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்கு இல்லாமலும் போகலாம் என்று நினைத்தாள். மறுநாளும் சிவப்பு. அதற்கு மறுநாளும் சிவப்பு. பயம் வந்தவர்களுக்குப் புத்தி வேலை செய்யாது என்பது பெரிய உண்மை.

அந்த மூன்று நாளும் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நடவடிக்கையும் ஒரு மாதிரியாக இருந்தது. சித்திரை வெயில் கூரைத் தகட்டைக் காய்ச்சுகிறது, மனிதர் தண்ணீர் லோட்டாவைத் தொடுவதில்லை. குடித்தால்தானே போகும் என்று கணக்கு. அது பழைய கணக்குதான். புதிதாக ஒன்று செய்தார். நூல் சுற்றித் தார் போடுகிறவனைக் கூப்பிட்டு, மூன்றாம் தறியில் பாவு நூல் அறுந்தால் எப்படி முடிச்சுப் போடவேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். பீரோவிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்து, சுரேஷ்பாபு வந்தால் காட்டு என்று அவள் கையில் கொடுத்தார். மத்தியானம் ராகிக் களியும் வேர்க்கடலைத் துவையலும் வைத்தாள். அவருக்கு உயிர் அதுதான். இரண்டு உருண்டை விழுங்கிவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

நாலாம் நாள் கழிவுநூல் மூட்டையைக் கட்டப் போனாள். உள்ளே கைவிட்டபோது ஈரமாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தாள். அவள் தைத்த துணிதான், ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் சிவப்பு. இந்த மனிதரும் பார்த்துவிட்டிருக்கிறார். பார்த்துவிட்டு, அவளுக்குத் தெரியக்கூடாதென்று ஒளித்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நாலு தறியும் ஒரே மூச்சில் நின்றன. அந்தத் தெருவில் தறிச் சத்தம் நின்றால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். தார் போடுகிறவன் டீ குடிக்கப் போய்விட்டான். செங்கல்வராயன் தறிக்கட்டையில் சாய்ந்து நின்றிருந்தார். கமலம்மா துணியை அவர் முன்னால் நீட்டினாள்.

"எத்தினி நாளா?"

அவர் துணியைப் பார்க்கவில்லை. "உனக்கு எத்தினி நாளா தெரியும்?"

"நாலு நாளா."

"எனக்கு அஞ்சு."

 அவரே தொடர்ந்து சொன்னார். "அண்ணன் மாதிரியே கமலா. ஒண்ணியும் பண்ண முடியாது. ஊர்ல நாறாம போய்ச் சேந்துட்டா போதும்."

கமலம்மாவுக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. எது முன்னால் வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. நாளைக்குக் காலையில் முதல் வண்டிக்குத் திருப்பதி போகிறோம், வர மாட்டேன் என்றால் இந்தத் துணியைக் கொடியில் சேலை போடாமல் காயப்போடுவேன் என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளும் சொன்னதைச் செய்கிறவள்தான் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் அவரால் உட்கார முடியாது, ரயிலில் என்றால் கக்கூஸ் உண்டு. ரயிலுக்கே கிளம்பினார்கள். மூட்டுவலிக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று கலைவாணியிடம் சொன்னாள் கமலம்மா. கலைவாணி கதவோரம் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமனார் செருப்பை மாட்டுவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, "ஜாக்கிரதையா போய்ட்டு வாங்க அத்தே" என்றாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வர மூன்று மணி நேரமாகும் என்றார்கள். இரும்பு நாற்காலி வரிசையில் உட்கார்ந்தார்கள். செங்கல்வராயன் காலோடு காலைப் பின்னிக்கொண்டு, மடியில் பையை வைத்து மறைத்துக்கொண்டார். கமலம்மா கண்ணை மூடிக் கங்கம்மாவைக் கும்பிட்டாள். வேண்டிக்கொள்ளக்கூட வாய் வரவில்லை. என்னவென்று வேண்டுவது, ரத்தம் இல்லை என்று சொல் என்றா? கண்ணாலேயே பார்த்தாயிற்றே.

பக்கத்து நாற்காலியில் எழுபது வயசு மனிதர் ஒருவர் இருந்தார். வெங்கடரமணன், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர். முப்பது வருஷம் சித்தூர் பஸ்ஸில் விசில் ஊதிய வாய், சும்மா இருக்குமா? பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக ஊர் எது, எப்போது ஆபரேஷன் என்று கேட்டார். செங்கல்வராயன் பையை இன்னும் இழுத்து அணைத்துக்கொண்டார். அவர் பையையும் பின்னியிருந்த காலையும் பார்த்துவிட்டுக் கண்டக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"நமக்கும் அதே கத தான்பா. மொத வருசம் பேத்தி கண்ணாலத்துக்குக்கூடப் போவல நானு. வீட்டுக்குள்ளயே கெடந்தேன். அப்பால இங்க பயிற்சி சொல்லித் தர்ற பாப்பா சொன்ன மாதிரி இறுக்கி இறுக்கிப் பழகினேன். இப்ப இருமினா மட்டும் ரெண்டு சொட்டு. எங்க மாதிரி பதினாலு பேரு கீறோம். ரெண்டாவது சனிக்கெழம இங்கயே கூடுறோம். வந்து குந்து, பேசாட்டி போ. பேசறதக் கேட்டுக்கினு இரு."

ஒரு சீட்டில் நம்பரை எழுதி நீட்டினார். செங்கல்வராயன் கை நீளவில்லை, கமலம்மா வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். நாளில்லாத மனிதருக்கு ரெண்டாவது சனிக்கிழமை எதற்கு என்று நினைத்துக்கொண்டாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், இன்னொரு தரம் பார்த்தார். ஒவ்வொரு தரம் அவர் புருவம் அசையும்போதும் கமலம்மாவின் உயிர் போய்ப் போய் வந்தது. கடைசியில் அவர் தெலுங்கில் சொன்னது இதுதான்: கேன்சர் திரும்பவில்லை, ரத்தத்தில் கேன்சரைக் காட்டும் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூத்திரத்தில் ஒரு பொட்டு ரத்தம் கூட இல்லை. தண்ணீர் குடிக்காததால் கிருமி மட்டும் இருக்கிறது, மாத்திரை தருகிறேன்.

கமலம்மா நம்பவில்லை. மஞ்சள் பையிலிருந்து பாலித்தீன் கவரை எடுத்து, ஒளித்து வைத்திருந்த துணியை மேசையில் வைத்துவிட்டாள். டாக்டர் முகம் சுளிக்காமல் பிரித்திகாவைக் கூப்பிட்டார். அந்தப் பெண் கையுறை மாட்டிக்கொண்டு துணியைப் புரட்டினாள், அமுக்கினாள். கத்தரியால் ஓரத் தையலை வெட்டி உள்ளேயிருந்து எதையோ இழுத்தாள். மடிப்பு மடிப்பாக அரக்குச் சிவப்பில் மெத்தென்ற துணி வந்தது.

"ஆயா, உள்ள இது யார் வெச்சது? சாயம் இறங்கியிருக்கு."

கமலம்மா குனிந்து பார்த்தாள். அவள் உள்ளே வைத்தது வெறும் காடாத்துணி. இந்த அரக்குத் துணியை அவளுக்கு நன்றாகத் தெரியும். புத்தூர் வியாபாரிக்குப் போகிற உள்பாவாடைத் துணி. போன வாரம் முழுக்க வீட்டில் அந்தக் கலர்தான் தைத்தாள் கலைவாணி. வெட்டின ஓரங்கள் கூடை கூடையாகக் கிடந்தன. கைத்தையலை அப்படியே மாமியார் தையல் மாதிரியே போட்டிருக்கிறாள், கள்ளி. கொஞ்ச நாளாகத் துணி கனமாக இருக்கிறதே, காயவே மாட்டேன் என்கிறதே என்று கமலம்மா நினைத்ததுண்டு. மேலே சேலை போட்டு மூடுவதால்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

சாயத்திலேயே நாற்பது வருஷம் புழங்கின இரண்டு பேர், சாயத்தைப் பார்த்து எமன் என்று நினைத்து அஞ்சு நாள் செத்திருக்கிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கமலம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அவர் முகம் செத்துப்போயிருந்தது. உயிர் திரும்பி வந்த மனிதரின் முகம் இல்லை அது.

"அவளுக்குத் தெரிஞ்சிப்போச்சி" என்றார்.

பிரித்திகா எவ்வளவோ சொன்னாள். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இன்னும் எரியும், இன்னும் அவசரமாகும் என்றாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூத்திரத்தைப் பாதியில் நிறுத்துகிற மாதிரி நினைத்துக்கொண்டு இறுக்கிப் பத்து எண்ண வேண்டும் என்றாள். இந்தத் தடவை அவர் எழுந்து போகவில்லை. ஆனால் கேட்கவும் இல்லை. அவர் மனசு அங்கே இல்லவே இல்லை என்று கமலம்மாவுக்குத் தெரிந்தது. மூன்றாவது காது. தண்டவாளம். காலையில் நோய்க்குப் பயந்தவள், சாயந்திரம் அவருக்கே பயப்பட ஆரம்பித்தாள்.

திரும்பி வருகிற ரயிலில் கூட்டமான கூட்டம். யாரோ ஒரு பெண் கொஞ்சம் நகர்ந்து கமலம்மாவை உட்காரவைத்தாள். செங்கல்வராயன் கக்கூஸ் பக்கம் நின்றுகொள்வதாகச் சொல்லிப் போனார். ரேணிகுண்டா தாண்டுகிறவரை அவர் துண்டின் ஓரம் தெரிந்தது. அப்புறம் ஆட்கள் மறைத்துவிட்டார்கள். கக்கூஸுக்குள்ளேயும் மூட்டையோடு நாலு பேர் நின்றார்கள்.

புத்தூரில் வண்டி நின்றது. கமலம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். செங்கல்வராயன் பிளாட்பாரத்தில் போய்க்கொண்டிருந்தார், இவள் பக்கம் திரும்பாமல். கூட்டம் வெளியே போகிற பக்கமும் இல்லை. பிளாட்பாரம் முடிகிற கோடிப் பக்கமாக, தனியாக, வேகமாக. கமலம்மா ஆட்களை முட்டி மோதிக்கொண்டு வாசலுக்கு வந்து, நகர ஆரம்பித்த வண்டியிலிருந்து குதித்தாள். முழங்கால் தரையில் அடித்தது. வண்டி அவளைத் தாண்டிப் போனது. எதிர்ப் பக்கத்திலிருந்து கூட்ஸ் வண்டி ஒன்று ஊதிக்கொண்டு வந்தது. அவள் கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை. ஓடினாள். அறுபது வயசில் அப்படி ஓடுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

கூட்ஸ் தடதடவென்று கடந்து போய் முடிந்தது.

கோடியில் இருந்த கடைசி சிமெண்ட் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். கமலம்மா பக்கத்தில் போய் அவர் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. அப்போதுதான் பார்த்தாள். வேட்டி தொடை வரை நனைந்திருந்தது. பெஞ்சு நனைந்து கீழே சொட்டிக்கொண்டிருந்தது.

"வண்டில கூட்டம். தாங்கல. சுத்தி எல்லாரும் நம்ம ஊரு ஆளுங்க" என்றார். பிறகு, "எழுந்தா தெரியும்மே. நான் எப்டி எழுந்திருப்பேன்?" என்று கேட்டார். கமலம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் சாக வரவில்லை, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பெஞ்சில் இப்படி இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன தோன்றுமோ, அடுத்த வண்டி எப்போதோ, யார் கண்டது?

மாற்று வேட்டி இல்லை. காலையில் கொண்டு வந்தது ஆஸ்பத்திரியிலேயே நனைந்துவிட்டது. அவள் போனை எடுத்தாள். யாருக்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அவள வரச் சொல்லாத. வேணாம் கமலா. சொன்னா கேளு."

நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் பேச்சைக் கேட்காமல் பட்டனை அழுத்தினாள். "கலைவாணி, புத்தூர் ஸ்டேசன்ல கீறோம். மாமா நனஞ்சி பூட்டாரு. ஒரு வேட்டி எத்துக்கினு வா" என்று வேறு சுற்றிவளைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் கேள்வி எதுவும் வரவில்லை. "தோ வரேன் அத்தே" என்ற குரல் மட்டும் வந்தது.

முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் கமலம்மா அவர் கையை விடவில்லை. இரண்டு வண்டிகள் போயின. ஒவ்வொன்றும் வரும்போது அவள் பிடி இறுகியது. அவருக்கு வலித்திருக்கும், கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கலைவாணி ஸ்கூட்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்தாள். முகமெல்லாம் வியர்வையும் புழுதியும். மாமனாரைப் பார்க்கவில்லை, நேராக மாமியாரிடம் வந்து பையிலிருந்து பழைய சேலை ஒன்றை எடுத்தாள். ஒரு முனையை அவள் கையில் கொடுத்தாள். இரண்டு பெண்களும் பெஞ்சுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சேலையை விரித்துப் பிடித்தார்கள். கலைவாணி முகத்தைத் தண்டவாளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உள்ளே அவர் எழுந்து மாற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வேட்டியோடு மாற்றுத் துணியையும் கலைவாணி மடித்துத் தந்திருந்தாள், அதையும் வைத்துக்கொண்டார்.

சேலையை மடிக்கும்போது கலைவாணிதான் பேசினாள், மாமியாரைப் பார்த்துத்தான். கொடியில் சேலைக்கு அடியில் துணி காய்வதைப் பார்த்து ஆறு மாதம் முன்பே புரிந்துகொண்டாளாம். மாமா காலை அகட்டி நடக்கிறதைப் பார்த்து, காடாத்துணி அறுக்கிறது என்று நினைத்தாளாம். மெத்தென்று இருக்கட்டுமே என்று தானாகப் பிரித்து உள்ளே வைத்தாளாம். தண்ணீரில் நனைத்துப் பார்த்தாளாம், சாயம் போகவில்லையாம்; மூத்திரத்துக்கு இறங்கும் என்று தோன்றவில்லையாம். சிவப்பு இறங்கிய கதையைக் கமலம்மா சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. கண் நிறைந்து, கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செங்கல்வராயன் உலர்ந்த வேட்டியில் நின்றுகொண்டிருந்தார்.   இப்போது அவர் எந்தப் பக்கம் நடப்பார் என்று கமலம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ஒன்பது வருஷத்தில் செய்யாததைச் செய்தாள். மாமனாருக்கு நேராகத் திரும்பினாள்.

"மாமா, தப்பு என்னுதுதான். வெள்ளத் துணியிலயே, உள்ளாற பை மாதிரி வெச்சி, துணி நகராத ஜட்டி தைச்சித் தர்றேன். எட்டு தைக்கிறேன். இடுப்பு எத்தினி இன்ச்சு?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். 

"முப்பத்தாறு" என்றார். பிறகு வேட்டி மடிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அது அப்போ. இப்ப எளச்சிட்டேன், முப்பத்திரண்டு வெய்யிம்மா" என்றார். "எலாஸ்டிக் வேணாம், அறுக்குது. நாடா வெச்சித் தைச்சிடு."